எக்ஸ் கதிரும் இரு கைகளும்

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் ராண்ட்ஜன் ஒரு விந்தையைக் கண்டார். கறுப்பு அட்டையால் மூடிய வெற்றிடக் குழாயில் மின்சாரம் பாய்ந்தபோது, சற்றுத் தள்ளியிருந்த வேதிப்பூச்சுத் திரை ஒளிர்ந்தது. இயல்பு விளங்காத அக்கதிருக்கு 'எக்ஸ்' என்று பெயரிட்டார். ஒளியைப் போல அதுவும் மின்காந்த அலையே என்பது 1912இல்தான் உறுதிப்பட்டது.

டிசம்பர் 22இல் மனைவி பெர்தாவின் கையைப் படமெடுத்தார். தசையை எளிதில் ஊடுருவும் கதிரை எலும்பிலுள்ள கால்சியம் பெருமளவு தடுத்துவிடும். ஆகவே விரலெலும்புகளும் மோதிரமும் நிழலாக விழுந்தன. ராண்ட்ஜன் காப்புரிமை கோரவில்லை. சில மாதங்களிலேயே மருத்துவர்கள் முறிந்த எலும்பையும் புதைந்த குண்டையும் கத்தியின்றிக் காணலாயினர்.

இன்னொரு கையும் இவ்வரலாற்றில் உண்டு. அமெரிக்காவில் எடிசனின் உதவியாளரான கிளாரன்ஸ் டேலி, குழாயைச் சோதிக்கத் தம் கையையே கதிரின்முன் நீட்டிவந்தார். இடக்கை புண்பட்டதும் வலக்கையை நீட்டினார். இரு கரங்களையும் அகற்றியும் புற்றுநோய் விடவில்லை. 1904இல், தம் 39ஆம் வயதில் மறைந்தார். எடிசன் அவ்வாய்வையே கைவிட்டார்.

டேலி தனியர் அல்லர். இக்கதிருக்குப் பலியான மருத்துவர், செவிலியர், ஆய்வாளர் 169 பேரின் பெயர்களைப் பொறித்து 1936இல் ஹாம்பர்க் நகரில் நினைவுச்சின்னம் எழுப்பினர்.

இன்று படமெடுப்பவர் பொத்தானை அழுத்துமுன் தடுப்புச்சுவருக்குப் பின்னே செல்கிறார். நமக்கு அது வெறும் நடைமுறையாகத் தோன்றலாம். அந்தச் சில அடித் தொலைவை அளந்து தந்தவர்கள் அவர்கள்தாம்.