இரத்தி என்னும் இலந்தை

இரத்தி என்பது சங்கச் சான்றோர் வழங்கிய மரப்பெயர்களுள் ஒன்று. இன்று அச்சொல் நூலளவில் நின்றுவிட்டது. மரமோ இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரத்துக் கரிசற் காடுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் இலந்தை என்னும் பெயருடன் நிற்கின்றது. கோடையையும் வறட்சியையும் தாங்கி நிற்றலின், இதனைத் தானே முளைத்துத் தானே வளரும் காட்டுமரம் என்று கருதுவார் பலர். அக்கருத்து முழுதும் பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

ஆலத்தூர் கிழார் கிள்ளிவளவனைப் பாடிய புறநானூற்று 34ஆம் பாட்டில், பாணர்க்குச் சோறளித்த அகன்ற மன்றத்தில் இரத்தி ஓங்கி நின்றது என்னும் குறிப்பு உளது. பழைய உரையாசிரியர் இரத்தி என்பதற்கு இலந்தை என்றே பொருள் கொண்டனர். அவ்வுரை 266ஆம் பாட்டளவில் நின்றுவிடுதலால், 325ஆம் பாட்டில் வரும் இரத்திக்கும் அப்பொருளையே நாம் கொள்ளவேண்டியுளது. ஆங்கு அலந்த தலையினையுடைய இரத்தியின் அசையும் நிழலில் சிறுவர் அம்பெய்து விளையாடுகின்றனர்.

இவ்விரு பாட்டும் நமக்கு உணர்த்துவன யாவை? ஒன்று, இரத்தி ஊர்ப் பொதுவிடத்து மரம். விருந்தும் விளையாட்டும் அதன் அடியில் நிகழ்ந்தன. மற்றொன்று, அதன் தலை அலந்து தோன்றியது. எனவே நீர் வார்த்துச் செழிக்க வளர்த்த மரம் அஃதன்று. இவை ஒன்றற்கொன்று முரணாகத் தோன்றலாம். ஆயினும் இலந்தை வளைந்த முள்ளுடையது. கிளைகள் தாழ்ந்து தொங்கும் இயல்பினது. அதன் கீழ்ச் சிறுவர் ஓடியாடினர் எனின், தாழ்கிளைகளை எவரேனும் கழித்திருத்தல் வேண்டும் என்று கருதுவது தவறாகாது. நீர் வேண்டாத மரத்திற்கும் கை வேண்டும் என்பதே நாம் கொள்ளும் முடிபு.

பிற்காலத்தில் இம்மரம் மன்றத்திலிருந்து கோயிலுக்குச் சென்றதனைக் காண்கிறோம். கீழ்வேளூரிலும் பவானியாகிய திருநணாவிலும் தலமரம் இலந்தையே. இதன் வடமொழிப் பெயர் பதரி. தமிழில் அது வதரி என வழங்கும். திருவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து மாலை தொடுத்த பெரியாழ்வார், கண்டமென்னும் கடிநகரைப் பாடும் பதிகத்தில் வதரியையும் எண்ணுகின்றார். தம் ஊர்ப்புறத்தில் முள்ளோடு நின்ற மரத்தின் பெயரே பனிமலைத் திருப்பதியின் பெயராகவும் அமைந்தது.

பிற நாட்டாரும் இத்தகைய மரங்களைப் போற்றினர். ஓமரின் ஒடிசியில், லோட்டஸ் கனியை உண்டோர் தாயகம் திரும்பவும் மறந்தனர் என்ற கதை உண்டு. அக்கனி இலந்தையின் இனத்தது என்பர் ஒரு சாரார்; செல்டிஸ் எனப்படும் மரத்தினது என்பர் மற்றொரு சாரார். செல்டிஸ் என்னும் பெயரே, ஆப்பிரிக்க லோட்டசுக்கு வழங்கிய பெயராகப் பிளினி குறித்ததாகும். இவ்விரண்டும் வேறு குடும்பத்தன. எனினும் வன்னிலத்தில் நின்று சிறு கனி தருதலில் ஒத்தன.

இனி, பேணும் முறையைக் காண்போம். இலந்தையின் ஆணிவேர் ஆழ்ந்து செல்வது. பெயர்த்து நடுங்கால் அது அறுபடின் கன்று நலிவுறும். ஆதலின் குழியிலேயே கொட்டையை ஊன்றி, வளர்ந்த கன்றில் ஒட்டுக்கண் வைத்தல் சிறந்தது. கோலா, உம்ரான், பனாரசி முதலிய வடநாட்டு வகைகள் இங்ஙனம் தமிழகத்திற் பயிராகின்றன. இம்மரம் புதுத்தளிரின் கணுக்களிலேயே பூத்துக் காய்க்கும். எனவே காய்ப்பு முடிந்தபின், மாசி பங்குனியில் ஆண்டுதோறும் கவாத்துச் செய்தல் இன்றியமையாதது. செய்யாது விடின் கனி சிறுத்துக் கிளை நுனியிலேயே தங்கும். பழ ஈயின் புழுத் தாக்கி வீழ்ந்த கனிகளைப் பொறுக்கி அழித்து, மரத்தடி மண்ணைக் கிளறிவிடுதலும் வேண்டும். காட்டுமரம் என்று கைவிடப்பெற்ற இலந்தை சிறுகனி தருதற்கு அக்கைவிடுதலும் ஒரு காரணம்.

கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நிலத்து மரமாகிய சீமைக் கருவேலம் இப்பகுதியின் புறம்போக்குகளிலும் கண்மாய்களிலும் பரவியது. அது விறகும் கரியும் தந்தது உண்மை. ஆனால் அதன் அடர்த்தியில் பிற மரங்களின் கன்றுகள் எழுதல் அரிதாயிற்று. அதனை அகற்றவேண்டும் என்ற வழக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை சென்று, 2017இல் அகற்றும் பணியும் நடந்தது. அகற்றிய இடத்தில் எதனை வைப்பது என்னும் வினாவே இன்று எஞ்சி நிற்கின்றது. வெற்றிடமாக விடின் வெட்டிய மரமே மீண்டும் தழைக்கும்.

அவ்வினாவிற்குப் புறநானூறு ஒரு விடை தருகின்றது என்று கருதுகின்றோம். மன்றத்தில் நின்ற மரம் தனியொருவர் உடைமையன்று. ஆயினும் அதனை ஊரார் பேணினர். இரத்தி என்னும் சொல் வழக்கொழிந்தது. அதனை அகராதி காத்துக்கொள்ளும். மன்றத்தைக் காப்பது அகராதியால் ஆகாது. ஆண்டுக்கொருமுறை அரிவாளெடுத்துத் தாழ்கிளை கழிக்கும் கை ஊர்தோறும் இருந்தாலன்றி, நிழலும் கனியும் தரும் அம்மரம் பாட்டில் மட்டுமே நிற்கும்.