ஊசி குத்தாமல் சர்க்கரை பார்க்க..

சர்க்கரை வியாதிக்கு முதல் சோதனைக் கருவி எறும்புதான். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்தே நம் பழைய வைத்தியர்கள் மதுமேகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். யோசித்தால், ஊசியில்லாச் சோதனை அப்போதே வந்துவிட்டது :-)

அப்புறம் பெனடிக்ட் கரைசல். சிறுநீரோடு சேர்த்துக் காய்ச்சினால் நீலம் பச்சையாகும். சர்க்கரை ரொம்ப இருந்தால் செங்கல் நிறம். ஆனால் ரத்தத்தில் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் சர்க்கரை சிறுநீருக்கே வரும். தாழ்ந்து போனால் ஒன்றும் தெரியாது. போன மாத ஸ்டேட்மெண்டைப் பார்த்து இன்றைக்குச் செக் பாஸ் பண்ணுகிற மாதிரி! 1970-ல் ஏம்ஸ் கம்பெனியின் மீட்டர் டாக்டர்களிடம் வந்தது, சில வருஷங்களில் மீட்டர்கள் வீட்டுக்கும் வந்தன. விரலில் குத்துவதும் கூடவே வந்தது.

திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து என்னோடு காலை நடைக்கு வரும் ஒருவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர், ஆன்லைனில் வாங்கிய கடிகாரத்தைக் காட்டினார். "சாரே, இனி குத்தவே வேண்டாம்." ஒளியை வைத்தே அளந்துவிடுமாம்.

ஒளியால் முடியுமா என்று தேடினால் நம்ம திருவானைக்காவல்காரர் வந்து நிற்கிறார். சர் சி.வி. ராமன். 1907 முதல் பத்து வருஷம் நிதித்துறையில் கணக்கு அதிகாரி (நம்ம ஜாதி!), ஆராய்ச்சியெல்லாம் ஆபீஸ் நேரம் போகத்தான். 1928 பிப்ரவரி 28-ல் அவர் கண்டது, மூலக்கூறில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு துளி நிறம் மாறித் திரும்புகிறது என்பது. ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு மாற்றம். பேங்க் பாஷையில் ஸ்பெசிமன் கையெழுத்து.

சிக்கல் எங்கே என்றால், உடம்பிலுள்ள ஐந்து லிட்டர் ரத்தத்துக்கும் சேர்த்துச் சர்க்கரை ஒரு டீஸ்பூன்தான். தோல், கொழுப்பு, புரதம் எல்லாம் போடும் சத்தத்தில் அந்தக் கையெழுத்தைப் பிரித்துப் படிக்க வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பல வருஷம் மல்லுக்கட்டி, 2020-ல்தான் உயிருள்ள பன்றிகளின் தோல் வழியாகக் குளுக்கோஸின் ராமன் அடையாளத்தை நேரடியாகக் கண்டதாக வெளியிட்டார்கள்.

நடுவில் 2001-ல் குளுக்கோவாட்ச் என்று ஒன்றுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. மெல்லிய மின்சாரம் விட்டுத் தோல் வழியாகத் திரவத்தை இழுக்கும். தோல் எரிந்தது, சரிபார்க்க விரலிலும் குத்த வேண்டியிருந்தது. சில வருஷத்தில் கடையைக் கட்டியது. அதே அமைப்புதான், தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. (தோலுக்குள் வைத்த சென்சாரின் எண்ணை வாங்கிக் காட்டும் கடிகாரம் வேறு கதை.)

தப்பான எண்ணை நம்பி இன்சுலினைக் கூட்டிப் போட்டால் மயக்கம், சமயத்தில் உயிரே போகும். நடை நண்பரிடம் இதைச் சொல்லி, பழைய மீட்டரிலும் பார்க்க வைத்தேன். ஒரே நேரத்தில் அது 68, கடிகாரம் 131.

இதே ஊர் பூஜப்புரையில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் இன்ஸ்டிட்யூட்டில், டாக்டர் வலியத்தான் குழு செயற்கை இதய வால்வு செய்தபோது முதல் மூன்று மாடல்களும் சோதனையிலேயே தோற்றன. மூன்றையும் ஒதுக்கிவிட்டார்கள். நாலாவதுதான் 1990 டிசம்பர் 6-ல் ஒரு மனிதரின் இதயத்துக்குள் போனது.