சமூகவியல் நோக்குகள்

சமூகவியலின் முதலாண்டுப் பாடத்தில் செயற்பாட்டியம், முரண்பாட்டியம், குறியீட்டு ஊடாட்டவியல் என்னும் மூன்று நோக்குகள் முதன்மையானவை. மூன்றும் மேலைநாடுகளில் பிறந்தவை. ஆயினும் அவை கடுமையாகச் சோதிக்கப்பட்ட களங்களுள் தமிழ்க் கிராமங்களுக்குத் தனியிடம் உண்டு.

எடுத்துக்காட்டாக, புதுச்சேரியின் அரியாங்குப்பம் கொம்யூனிலுள்ள மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மனின் ஆடித்தேரை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைப்பது பிரெஞ்சுக்காரர் காலத்து வழக்கம், இன்றும் தொடர்கிறது. 1912இல் சமயம் குறித்து நூல் எழுதிய எமில் துர்க்கெமின் செயற்பாட்டிய வழியில் பார்த்தால், ஊர் தன் ஒற்றுமையை உணரும் நாள் அது. மார்க்சிய வழிவந்த முரண்பாட்டியர், வடத்தை முதலில் தொடும் உரிமை யாருக்கு, எதனால் என்று கேட்பார்கள். ஜார்ஜ் ஹெர்பர்ட் மீடின் சிந்தனையில் வேரூன்றி, 1937இல் ஹெர்பர்ட் புளூமரிடம் பெயர்பெற்ற மூன்றாம் நோக்கோ, அந்த மரியாதைக்கு மீனவர்கள் என்ன பொருள் கொள்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்கும்.

தமிழ்க் கிராம ஆய்வுகளைப் பொறுத்தவரை, கில்பர்ட் சிலேட்டர் 1916இல் தென்னார்க்காட்டு இருவேல்பட்டு உள்ளிட்ட ஊர்களில் தொடங்கிவைத்த ஆய்வு பெரிதும் பொருளாதாரக் கணக்கெடுப்பே. கோட்பாட்டு விவாதம் சூடுபிடித்தது பின்னர்தான். 1949–50இல் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடையே தங்கி ஆராய்ந்த லூயி துய்மோன், சாதியின் அடிப்படை தூய்மை, தீட்டு என்னும் எதிர்நிலையே என 1966இல் வாதிட்டார். மார்க்சியரான காத்லீன் கஃப் 1951 முதல் தஞ்சையில் ஆராய்ந்தவர். 1976இல் மீண்டும் அங்கே வந்தார். நிலமும் கூலியும் அவருக்கு முதன்மையாகப் பட்டன. அதே தஞ்சையில் ஓர் ஊரை ஆராய்ந்து 1965இல் நூல் வெளியிட்ட ஆந்த்ரே பெத்தேய், மாக்ஸ் வெபர் வழியில், சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வருவதைக் காட்டினார்.

மூவருள் துய்மோனின் வாதமே உலகெங்கும் மிகுதியாகப் பேசப்பட்டது, மிகுதியாக மறுக்கவும்பட்டது. சாதியை மேலிருந்து பார்த்தது அதன் பெருங்குறை. அடியிலிருப்பவரின் பார்வை புதுச்சேரிப் பக்கத்திலிருந்தே வந்தது. ஒப்பாரியும் தாலாட்டும் பாடிய வயற்கூலிப் பெண் வீரம்மா தன் வாழ்க்கையைத் தமிழில் சொல்ல, ஜோசியான் ரசீன் பதிவுசெய்தார். ழான்-லுய்க் ரசீனும் ஜோசியானும் சேர்ந்து உருவாக்கிய நூல் 1995இல் பிரெஞ்சிலும் பின்னர் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. கோட்பாட்டு நூலாக எழுதப்படாவிட்டாலும், மூன்று நோக்குகளையும் ஒருசேரப் பயில்வதற்குப் புதுச்சேரி மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான நூல் இல்லை.