வேலைக்கான ஸ்பான்சர் விசா: பிரிட்டன் விதி மாற்றங்களில் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதியினர் அறிய வேண்டியவை

பிரிட்டனின் திறன்மிகு பணியாளர் விசாவுக்கான விதிகள் 2024 முதல் அடுத்தடுத்து கடுமையாக்கப்பட்டு வருகின்றன. செவிலியர், பராமரிப்புப் பணியாளர் வேலைகளை நாடுவோர் அதிகமுள்ள கேரளத்தில் இதன் தாக்கம் நேரடியானது. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை பகுதிகளில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. வீடு கேரளத்தில், படித்த கல்லூரி தமிழ்நாட்டில், முகவரின் அலுவலகம் கோவையிலோ தேனியிலோ என இருப்பதால் எந்தப் பணிக்கு எந்த அலுவலகத்தை அணுகுவது என்ற குழப்பம் எழுகிறது.

ஸ்பான்சர் விசா என்பது என்ன?

பணியமர்த்தும் நிறுவனம் முதலில் பிரிட்டன் உள்துறையிடம் ஸ்பான்சர் உரிமம் பெற வேண்டும். பின்னர், குறிப்பிட்ட நபருக்குக் குறிப்பிட்ட வேலையை, குறிப்பிட்ட சம்பளத்தில் வழங்குவதாக ஸ்பான்சர் சான்று வழங்க வேண்டும். அந்தச் சான்றின் எண் இல்லாமல் விசாவுக்கு விண்ணப்பிக்க இயலாது. விசா அந்த வேலையுடன் பிணைக்கப்பட்டது. நிறுவனம் உரிமத்தை இழந்தாலோ பணியாளர் வேலையை இழந்தாலோ, பொதுவாக 60 நாள்களுக்குள் வேறு ஸ்பான்சரைக் கண்டறிந்து விண்ணப்பிக்க வேண்டும். இல்லையெனில் நாடு திரும்ப வேண்டும்.

இதுவரை மாறியவை

* பொதுவான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 2024 ஏப்ரல் 4-ஆம் தேதி 26,200 பவுண்டிலிருந்து 38,700 பவுண்டாகவும், 2025 ஜூலை 22-ஆம் தேதி 41,700 பவுண்டாகவும் உயர்த்தப்பட்டது. தேசிய ஊதிய அளவின் கீழ் வரும் செவிலியர் போன்ற சுகாதாரப் பணியாளர்களுக்குத் தனி வரம்பு உண்டு. 2025 ஏப்ரல் நிலவரப்படி அது 25,000 பவுண்டு.

* 2025 ஜூலை 22 முதல், புதிதாக வருவோருக்கான வேலைகள் பட்டப்படிப்புக்கு இணையான நிலையில் இருக்க வேண்டும். செவிலியர் பணி இந்த நிலைக்குள் அடங்கும். ஓட்டல் செஃப் போன்ற பல வேலைகள் விலக்கப்பட்டன.

* அதே நாளில், பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைக்கும் வழி மூடப்பட்டது. ஏற்கெனவே பிரிட்டனில் இருப்போர் மட்டும் 2028 ஜூலை வரை நிபந்தனைகளுடன் இந்தப் பிரிவுக்கு மாறலாம். இப்பிரிவில் புதிதாக விசா பெறுவோர் குடும்பத்தினரை அழைத்துவருவதற்கு 2024 மார்ச் 11 முதலே தடை உள்ளது.

* 2026 ஜனவரி 8 முதல், புதிய விண்ணப்பதாரர்களுக்கான ஆங்கிலத் திறன் அளவு பி1 நிலையிலிருந்து பி2 நிலைக்கு உயர்த்தப்பட்டது.

அடுத்து வரக்கூடியவை

பட்ட நிலைக்குக் கீழான சில வேலைகளுக்குத் தற்காலிகப் பற்றாக்குறைப் பட்டியல் வழியாக விசா வழங்கப்படுகிறது. வெல்டிங் தொழிலும் இதில் உள்ளது. இந்தப் பட்டியலுக்கான காலவரம்பு 2026 இறுதி என நிர்ணயிக்கப்பட்டது. இதன்கீழ் புதிதாகச் செல்வோர் குடும்பத்தினரை அழைத்துச்செல்ல முடியாது.

நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கான காத்திருப்புக் காலத்தை 5 ஆண்டுகளிலிருந்து 10 ஆண்டுகளாக உயர்த்த 2025 நவம்பரில் வெளியான அரசின் கலந்தாய்வு ஆவணம் முன்மொழிந்தது. பராமரிப்புப் பணி உள்ளிட்ட, பட்ட நிலைக்குக் கீழான வேலைகளில் இருப்போருக்கு இது 15 ஆண்டுகள். தேசிய சுகாதார சேவையின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் 5 ஆண்டுகளே தொடரும் என்றும் அறிவிக்கப்பட்டது.

செலவு யாருடையது?

ஸ்பான்சர் சான்றுக்கான கட்டணம் 2025 ஏப்ரலில் 239 பவுண்டிலிருந்து 525 பவுண்டானது. பெரிய நிறுவனங்கள் ஒரு பணியாளருக்கு ஆண்டுதோறும் செலுத்தும் குடியேற்றத் திறன் கட்டணம் 2025 டிசம்பர் 16-ஆம் தேதி 1,000 பவுண்டிலிருந்து 1,320 பவுண்டாக உயர்ந்தது. இவை இரண்டையும் நிறுவனமே ஏற்க வேண்டும். திறன் கட்டணத்தைப் பணியாளரிடம் வசூலிக்க முன்பிருந்தே தடை உள்ளது. 2024 டிசம்பர் 31 முதல் சான்றுக்கான கட்டணமும் உரிமக் கட்டணமும் தடைக்குள் கொண்டுவரப்பட்டன. விசா கட்டணம், ஆங்கிலத் தேர்வு, பயணம் ஆகியவற்றின் செலவு பணியாளரைச் சேரலாம். ஆனால், ‘ஸ்பான்சர் சான்றுக்கு’ என்று லட்சக்கணக்கில் பணம் கேட்கப்பட்டால் அது விதிமீறல். பராமரிப்புப் பணிக்கு இந்தியாவிலிருந்து புதிய விசா வாங்கித் தருவதாக ஒருவர் கூறினால், இல்லாத ஒன்றை விற்கிறார் என்றே பொருள். நகையை அடகு வைக்கும் முன் இந்த ஒன்றைத் தெரிந்துகொள்வது அவசியம்.

எல்லைப் பகுதியினர் கவனத்துக்கு

முகவர்: வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்போர் 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின்கீழ் மத்திய வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அலுவலகம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் இதற்கு விலக்கில்லை. பதிவு எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். முகவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு ரசீது தர வேண்டும்.

நிறுவனம்: உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலை பிரிட்டன் அரசு தனது இணையதளத்தில் வெளியிடுகிறது. நிறுவனத்தின் பெயர் அதில் உள்ளதா என்பதைக் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

சான்றிதழ்கள்: கல்விச் சான்றிதழைச் சரிபார்ப்பது, விண்ணப்பதாரர் வசிக்கும் மாநிலம் அல்ல, சான்றிதழை வழங்கிய மாநிலமே. தமிழ்நாட்டில் செவிலியர் படிப்பை முடித்து அங்கேயே பதிவு செய்தவரின் பதிவு விவரத்தை பிரிட்டன் செவிலியர் மன்றத்துக்கு உறுதிப்படுத்த வேண்டியது தமிழ்நாடு செவிலியர் மன்றம்தான்.

கடவுச்சீட்டு: பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெறாதோரின் கடவுச்சீட்டு பொதுவாகக் குடியேற்ற அனுமதி தேவைப்படும் பிரிவில் வரும். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும்போது இவர்கள் முன் அனுமதி பெற வேண்டும். பிரிட்டன் இந்தப் பட்டியலில் இல்லை. தமிழ்வழியில் கேரள எஸ்எஸ்எல்சி தேர்ச்சி பெற்றவர்களும் பத்தாம் வகுப்பு முடித்தவர்களாகவே கருதப்படுவர்.

அரசு வழிகள்: கேரள அரசின் நோர்கா ரூட்ஸ், தமிழ்நாடு அரசு 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஆகியவை நேரடியாக ஆள் சேர்ப்பு நடத்துகின்றன. பிரிட்டனின் வேல்ஸ் அரசுடன் சுகாதாரப் பணியாளர்களை அனுப்புவதற்கு கேரளம் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் செய்தது.

புகார்: மோசடி குறித்து இ-மைக்ரேட் தளத்திலும், திருவனந்தபுரம், கொச்சி, சென்னை ஆகிய நகரங்களில் உள்ள குடியேற்றப் பாதுகாப்பு அதிகாரி அலுவலகங்களிலும், உள்ளூர் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம். பணம் செலுத்திய ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம், வாட்ஸ்அப் உரையாடல், வேலைக் கடிதம் ஆகியவற்றைப் பாதுகாத்து வைத்திருப்பது விசாரணைக்கு உதவும்.