பாடியவனும் வீழ்ந்தவனும்

'சிங்' என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குப் பாடுதல் என்பதே பொருள். ஆனால், குற்ற உலகின் வழக்கில் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுப்பதும் 'பாடுதல்' தான்.

1940 இல் நியூயோர்க், புரூக்ளினில் கொலைக் குற்றச்சாட்டில் சிக்கிய கூலிக் கொலையாளி ஏப் ரெலெஸ், தன்னுயிரைக் காத்துக்கொள்ள அவ்வாறு 'பாடினான்'. அவனது சாட்சியத்தால் சகாக்கள் பலர் 'சிங் சிங்' சிறையில் மின்சார நாற்காலியில் மாண்டனர். (அச்சிறையின் பெயர் பாட்டிலிருந்தன்றி, பழங்குடியினரின் சொல்லிலிருந்து வந்ததாகும்.)

1941 நவம்பர் 12 ஆம் திகதி, கோனித் தீவு ஹோட்டலொன்றில் பொலிஸ் காவலில் இருந்த ரெலெஸ், ஆறாம் மாடி யன்னலிலிருந்து வீழ்ந்து இறந்தான். கனேரிப் பறவைக்குப் பாடத் தெரிந்தது, பறக்கத் தெரியவில்லை என்ற எள்ளல் பிறந்தது. தப்பியோட முயன்றபோது நேர்ந்த விபத்து என 1951 இல் ஜூரர் சபை முடிவுசெய்தது. எனினும் ஐயம் தீரவில்லை. பாடவைத்தவர்களால் பாடியவனைக் காக்க முடியவில்லை என்பது மட்டும் உறுதி.