நூறு மீட்டரும் அதன் விலக்குகளும்: நினைவுச்சின்னச் சட்டத்தில் அனுமதி விலக்கின் வரலாறு

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள தொன்மைச் சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டக் கூடாது. அதற்கு அடுத்த 200 மீட்டரில் அனுமதி பெற்றே கட்டலாம். தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களுக்கு இது மனப்பாடம். இந்தத் தடையைப் பற்றிப் பேசும் அளவுக்கு அதன் விலக்குகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. அனுமதி தரும் அதிகாரம் அதிகாரியின் மேசையிலிருந்து பறிக்கப்பட்டபோது விலக்கு ஒழிந்துபோகவில்லை, சட்டத்தின் வரையறைப் பிரிவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கர்சன் காலத்து 1904ஆம் ஆண்டுச் சட்டத்தின் அக்கறை முதன்மையாகச் சின்னத்தின் மீதுதான். சுதந்திரத்துக்குப் பின் வந்த 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1959இல் இயற்றப்பட்ட விதிகள்தான், சின்னத்தை ஒட்டிய நிலத்தைத் தடைசெய்யப்பட்ட பகுதி, ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என அறிவிக்க வழிசெய்தன. தொடக்கத்தில் அந்த அதிகாரம் இடம் பார்த்தே பயன்பட்டது. மாமல்லபுரம், பதேபூர் சிக்ரி, கோல்கொண்டா, எலிஃபெண்டா போன்ற சில இடங்களுக்குத் தனித்தனி அறிவிப்புகள் வந்தன. 1991 மே மாதம் முன்னறிவிப்புக் கொடுத்து, 1992 ஜூன் 16 அன்று வெளியான அறிவிக்கை, நாடு முழுவதற்கும் 100, 200 என்ற ஒரே அளவுகோலை நீட்டியது. முந்தைய தனி அறிவிப்புகள் தொடரும் என்று அதிலேயே எழுதப்பட்டதால், மாமல்லபுரத்துக்குப் பழைய அறிவிப்போடு புதியதும் சேர்ந்துகொண்டது.

விதிகளின்படி உரிமம் என்பது ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதிக்கு உரியது. தடைப் பகுதியில் யாருக்கும் அனுமதி தர வழியில்லை. ஆனால் நம் ஊர்களில் சின்னங்கள் காட்டில் தனியாக நிற்பவை அல்ல. தேரோடும் வீதியும் கடைத்தெருவும் அவற்றை ஒட்டியே இருக்கின்றன. விண்ணப்பங்கள் குவிந்தன. எழுத்தில் இல்லாத விலக்கு நடைமுறையில் முளைத்தது. 2006 ஜூலையில் அதற்கு ஓர் உருவமும் கிடைத்தது. தடைப் பகுதிக்குள் கட்ட அனுமதி கேட்போரின் மனுக்களைப் பரிசீலித்து, இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநருக்குப் பரிந்துரைக்க நிபுணர் ஆலோசனைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது.

இந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் வேர் இல்லை. ஒரு கட்டுமான நிறுவனம் தொடர்ந்த வழக்கில் 2009 அக்டோபர் 30 அன்று தில்லி உயர் நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. குழுவும் செல்லாது, அதன் பரிந்துரையில் தந்த அனுமதிகளும் செல்லாது. அரசு அவசரமாக 2010 ஜனவரியில் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மார்ச் மாதம் திருத்தச் சட்டம் நிறைவேறியது. அதன் பெயரிலேயே திருத்தமும் செல்லுபடியாக்கலும் சேர்ந்து வருகின்றன. குழுவின் பரிந்துரையோடு தந்த அனுமதிகள் பின்தேதியிட்டுச் செல்லுபடியாயின. கட்டி முடித்தபின் வாங்கிய அனுமதிக்கும், குழுவைக் கேட்காமல் தந்ததற்கும் அந்தச் சலுகை இல்லை. பழைய கணக்கைத் தீர்ப்பதில் இவ்வளவு நுணுக்கம் காட்டிய சட்டத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்துக்கு வருவோம். 20ஏ பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, பொதுப்பணிக்கும் மக்களுக்கு இன்றியமையாத திட்டத்துக்கும் தடைப் பகுதியில் அனுமதி தரலாம் என்கிறது. அடுத்து வரும் நான்காம் உட்பிரிவு, மசோதா ஒப்புதல் பெறும் நாள் முதல் அப்படி எந்த அனுமதியும் தரக் கூடாது என்கிறது. முன்னது கடந்த காலத்துக்கு, பின்னது எதிர்காலத்துக்கு. அத்துடன் தலைமை இயக்குநரின் விருப்புரிமை முடிந்தது.

விலக்கு முடியவில்லை. ‘கட்டுமானம்’ என்பதற்கு அதே சட்டம் தரும் வரையறையைப் பாருங்கள். மறுகட்டுமானம், பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு, கழிவுநீர் வாய்க்கால், பொதுக் கழிப்பறை, பொதுமக்களுக்கான குடிநீர் வேலை, மின்விநியோகம் ஆகியவை கட்டுமானத்தில் சேரா. கட்டுமானமே இல்லையென்றால் கட்டுமானத் தடையும் இல்லை. ஆகவே கோபுரத்தை ஒட்டிய தெருவில் நகராட்சி பொதுக் கழிப்பறை கட்டினால் அது கட்டுமானம் அல்ல. அதே தெருக்காரர் தன் கொல்லையில் புதிதாகக் கட்டினால் கட்டுமானம். உள்ளாட்சிக்கு விலக்கு வரையறையிலேயே கிடைத்துவிட்டது. குடியிருப்பவர் மட்டும் தடையின்மைச் சான்றுக்கு அலைகிறார்.

அவருக்குத் திறந்திருப்பது 20சி பிரிவு. 1992 ஜூன் 16க்கு முன்பே இருந்த கட்டடம், அல்லது பின்னர் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு எழுந்த கட்டடம் என்றால், பழுதுபார்க்கவோ புதுப்பிக்கவோ விண்ணப்பிக்கலாம். மனு உரிய அதிகாரியிடம் போய், அங்கிருந்து 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்குப் போக வேண்டும்; ஆணையத்துக்கு இரண்டு மாதம். பழைய வீட்டை இடித்து, அதே நீள அகல உயரத்தில் திரும்ப எழுப்புவதுதான் மறுகட்டுமானம். கட்டுமானத்தின் வரையறையிலிருந்து அதை விலக்கிய சட்டம், தடைப் பகுதிக்கான 20சி வாசலில் அதைக் குறிப்பிடவே இல்லை. பழுதுபார்ப்பின் வரையறையோ மறுகட்டுமானத்தை வெளிப்படையாகவே ஒதுக்குகிறது. சுவர் இடிந்த ஓட்டு வீட்டுக்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது வழக்கறிஞருக்கு வேலை தரும் கேள்வி.

தண்டனையில் இருக்கும் வேறுபாடும் கவனிக்கத்தக்கது. தடைப் பகுதியில் கட்டுபவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை. அதற்கு உடந்தையாகும் மத்திய அரசு அதிகாரிக்கு மூன்று ஆண்டு வரை. விருப்புரிமையின் காலத்தில் நடந்ததன் மீதான நாடாளுமன்றத்தின் அவநம்பிக்கை இந்த ஓர் ஆண்டு வேறுபாட்டில் தெரிகிறது.

ஆனால் அந்த அவநம்பிக்கை நீடிக்கவில்லை. 2017 ஜூலையில் வந்த திருத்த மசோதா, வேறு வழியே இல்லாத நிலையில் மத்திய அரசின் பொதுப்பணிகளுக்குத் தடைப் பகுதியைத் திறக்க முயன்றது. சிக்கந்தராவில் அக்பர் கல்லறை அருகே உயர்மட்டச் சாலை, பாடனில் ராணி கி வாவ் படிக்கிணறு அருகே ரயில் பாதை ஆகியவை காரணங்களாகக் காட்டப்பட்டன. 2018 ஜனவரியில் மக்களவை நிறைவேற்றியது. மாநிலங்களவை தெரிவுக்குழுவுக்கு அனுப்பியது. 2019இல் மக்களவை கலைந்தபோது மசோதாவும் காலாவதியானது. வீட்டின் மீது ஒரு மாடி கேட்பவருக்கு அந்த மசோதாவிலும் இடமில்லை.

2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித் துணைவிதிகளை எழுதச் சொல்கிறது. இடம் பார்த்து விதிக்கும் 1992க்கு முந்தைய முறைக்குத் திரும்பும் முயற்சி என்று அதைச் சொல்லலாம். ஆனால் 100 மீட்டர் சட்டத்திலேயே பொறிக்கப்பட்டுவிட்டதால் துணைவிதி அதைக் குறைக்க முடியாது. முகலாயர் காலச் சாலையோரத் தொலைவுத் தூணான கோஸ் மினாருக்கும் தாஜ் மகாலுக்கும் குறைந்தபட்ச எல்லை ஒன்றுதான்.