மிஸ்றுப் பெயர் பூண்ட இலண்டன் எழுத்து

ஆங்கில அச்செழுத்துகளுள் ஒரு வகைக்கு ‘எகிப்தியன்’ என்று பெயர். தண்டின் கனமும் அதன் முனையிலுள்ள பாதத்தின் கனமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். பாதம் செங்கல்லைப் போலச் சதுரமாக நிற்கும். மிஸ்று நாட்டுக்கும் இவ்வெழுத்துக்கும் என்ன உறவு என்று நாம் வினவுவது இயல்பே. உறவு ஏதுமில்லை என்பதே விடை.

1798-இல் நெப்போலியன் மிஸ்றின்மீது படையெடுத்ததை அடுத்து, அந்நாட்டுப் பொருள் எதுவாயினும் அதன்மீது ஐரோப்பியர்க்கு ஒரு மோகம் பிறந்தது. நாற்காலியிலும் கட்டடத்திலும் படிந்த அம்மோகம் அச்சுக்கூடத்தையும் விட்டுவைக்கவில்லை. இலண்டனில் 1817-ஆம் ஆண்டளவில் இவ்வகை எழுத்தை வெளியிட்ட வின்சென்ட் ஃபிக்கின்ஸ் அதனை ‘ஆன்டிக்’ என்றே அழைத்தார். ராபர்ட் தார்ன் விட்டுச்சென்ற எழுத்துகளை வில்லியம் தாரோகுட் 1821-இல் வெளியிட்டபோதுதான் ‘எகிப்தியன்’ என்னும் பெயர் இதனோடு ஒட்டிக்கொண்டது. தாரோகுட் லாட்டரிப் பரிசுப் பணத்தில் வார்ப்பகத்தை வாங்கியவர் என்பர். அக்காலத்து லாட்டரி விளம்பரங்களும் இத்தகைய தடித்த எழுத்துகளையே நாடின என்பதை எண்ணினால் நமக்கு நகைப்பே வருகிறது! அதே 1820-களின் தொடக்கத்தில், கெய்ரோவை அடுத்த பூலாக்கில் முஹம்மது அலி பாஷா நிறுவிய அச்சகம் அரபு நூல்களை அச்சிடத் தொடங்கியிருந்தது. மிஸ்றின் மெய்யான அச்செழுத்து அங்கே இருந்தது. இலண்டன் சுவரொட்டியில் இருந்தது பெயர் மட்டுமே.

நூறாண்டு கழித்தும் அப்பெயர் மோகம் தீரவில்லை. ஜெர்மனியில் ருடால்ஃப் வுல்ஃப் 1929-இல் அமைத்த எழுத்துக்கு ‘மெம்ஃபிஸ்’ என்று பெயர். அமெரிக்காவில் ‘கார்னாக்’, ‘கெய்ரோ’ என்பவை தோன்றின. ஆனால், சுவரில் நின்று உரக்கக் கூவப் பிறந்த எழுத்து இப்போது மெலிந்தது, சாய்ந்தது. 1501-இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் நூல்களில் புகுத்திய சாய்வெழுத்து கையெழுத்தின் வழிவந்தது. இவையோ பெரும்பாலும் நிமிர்ந்த எழுத்தையே சற்றுச் சரித்து வைத்தவை.

இம்மெல்லிய சாய்வெழுத்துக்கு உற்ற இடம் தட்டச்சுப் பொறியே. பொறியில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒல்லியான ‘ஐ’ என்னும் எழுத்து தன் இடத்தை நிரப்ப வேண்டுமாயின் இருபுறமும் பாதத்தை நீட்டியாக வேண்டும். அதற்குக் கட்டைப் பாதமே கைகொடுத்தது. தடித்த எழுத்தாயின் நாடாவின் மை பரவிக் கண்களை அடைத்துவிடும். ஆகவே மெல்லிய கோடு தேவைப்பட்டது. சாய்வு வேண்டிய இடத்தில் அடிக்கோடிடுவதே நெடுங்கால வழக்கம். 1961-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ‘செலக்ட்ரிக்’ பொறி வந்தது. 88 குறிகளைத் தாங்கிய சிறு பந்து ஒன்று சுழன்று சாய்ந்து தாளைத் தொடும். அப்பந்துகளுள் ‘லைட் இட்டாலிக்’ என்பதும் ஒன்று. அங்குலத்திற்கு 12 எழுத்து. பந்தை நொடியில் மாற்றலாம்.

ஆங்கிலக் கட்டுரையில் நம் ‘ஸகாத்’ போன்ற பிறமொழிச் சொற்களையும் நூற்பெயர்களையும் சாய்த்து எழுதுவது மரபன்றோ? தட்டச்சர் பந்தை மாற்றி அச்சொல்லை மட்டும் அடித்துவிட்டு, மீண்டும் நிமிர்ந்த எழுத்துக்குத் திரும்ப முடிந்தது. அழகு கருதி முழுக் கடிதத்தையும் இதிலேயே அடிப்பதை நாம் விரும்பவில்லை. இரண்டாம் பக்கத்திலேயே கண் சோர்ந்துவிடும்.